வேதம் சொல்லுகிறது என்கிறோம், எப்படிச் சொல்லுகிறது?

சாயர்புரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், லெந்து என்னும் தவக்கால நாட்களில் நடக்கும் வீட்டு ஜெபக்கூட்டம். யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்து வந்தோம். ஏழாம் வசனம், விடுமுறைக்கு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவனின் முறை. அவன் கையில் இருந்தது திருவிவிலியம். சான்று சொல்பவை மூன்று என்ற அளவில் வாசித்துவிட்டு அடுத்தவரைப் பார்த்தான். சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த ஆச்சி விடவில்லை. “தம்பி, நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டாயே” என்றார். விழுங்கப்பட்ட வரியைப் புத்தகத்தைப் பாராமலே சொல்லவும் செய்தார்: “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.” மாணவன் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். இல்லை. “அது ஆர்.சி. பைபிள், அவர்கள் வெட்டியிருப்பார்கள்” என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். கூட்டம் பாட்டுக்குப் போய்விட்டது. எனக்கு அந்த ஏழாம் வசனம் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

பெரியவரின் தீர்ப்பு இரண்டு வகையில் தவறு. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. அது கிடக்கட்டும், இரண்டாவதுதான் வேடிக்கை. ஆச்சி மனப்பாடமாகச் சொன்ன வரியைப் பல நூற்றாண்டுகள் சுமந்துவந்ததே கத்தோலிக்கத் திருச்சபையின் லத்தீன் வேதாகமம்தான். பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் அது கிடையாது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. 1519-இன் இரண்டாம் பதிப்பிலும் இல்லை. லத்தீன் வாசகத்தில் ஊறியவர்கள் கூச்சலிட்ட பிறகு 1522-இன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து அது 1611-இன் ஆங்கில வேதாகமத்துக்குப் போயிற்று. 1871-இல் முழுமையாக வெளிவந்த நம் தமிழ் வேதாகமத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆக, ஆர்.சி.க்காரர் வெட்டினார்கள் என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் வரி, அவர்கள் வழியாக நமக்கு வந்த வரி.

இதனால் திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற உபதேசம், ஆட்டம் கண்டுவிட்டதா என்றால் இல்லை. நிசேயாவில் 325-இலும் கொன்ஸ்தாந்திநோபிளில் 381-இலும் விசுவாசப் பிரமாணம் உருவானபோது, வரிக்கு வரி வேதத்தைக் காட்டி வாதாடிய கிரேக்கத் தந்தையர் இந்த வசனத்தைத் தொடவே இல்லை. அவர்களுடைய கையில் அது இல்லை. இல்லாமலே அந்த உபதேசத்துக்கு வந்துசேர்ந்தார்கள். ஆனால் வேறொன்று ஆட்டம் காண்கிறது. “ஒரு சிறு எழுத்தும் பிசகாமல் தேவன் கொடுத்தது என் கையிலுள்ள இந்தப் புத்தகம்” என்கிற நம்பிக்கை. திருநெல்வேலிச் சீமையில் நம்மில் பலர் அதைத்தான் வேதத்தின் அதிகாரம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அப்படி எண்ண ஊர் வழக்கே ஒரு காரணம். இங்கே கிறிஸ்தவருக்கு வேதக்காரர் என்று பேர், ஆலயத்துக்கு வேதக்கோயில். முதல் ஐந்து புத்தகங்களின் பெயரே ஆகமம் என்று முடிகிறது: ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம். வேதம், ஆகமம் என்ற இரண்டு சொற்களும் நாம் வருமுன்பே இந்த மண்ணில் வாழ்ந்தவை, தமக்கென்று பொருள் சுமந்தவை. வேதச் சடங்குகளுக்குப் பொருள் விளக்கிய மீமாம்சகருக்கு வேதம் எவராலும் இயற்றப்படாதது, ஒலியே புனிதம், சுரம் பிசகினால் மந்திரம் பிசகும். சொல்லை எடுத்துக்கொண்டபோது அந்த எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆனால் நம்முடைய புத்தகம் அப்படிப்பட்டது என்று அதுவே சொல்லிக்கொள்ளவில்லை. இயேசு பேசியது அரமாயிக். சுவிசேஷங்கள் இருப்பதோ கிரேக்கத்தில். “தலீத்தாகூமி”, “எப்பத்தா”, “ஏலீ ஏலீ லாமா சபக்தானி” போன்ற சில சொற்கள் நீங்கலாக, ஆண்டவருடைய வாயிலிருந்து வந்த ஒலி நம்மிடம் இல்லை. முதல் பிரதியிலேயே மொழிபெயர்ப்புதான் இருக்கிறது. சிலுவையின் மேல் வைத்த பலகையில் இருந்ததைக் கூட நான்கு சுவிசேஷகரும் நான்கு விதமாக எழுதுகிறார்கள், மாற்குவில் “யூதருடைய ராஜா” மட்டும், யோவானில் “நசரேயனாகிய இயேசு யூதருடைய ராஜா.” பெரிய வெள்ளி ஆராதனையில் இவை எல்லாவற்றையும் கேட்கிறோம். யாரும் எழுந்து பலகையில் சரியாக என்னதான் எழுதியிருந்தது என்று கேட்டதில்லை.

அருளப்படுதல் என்பதற்கு எல்லாரும் காட்டுகிற வசனம் இரண்டாம் தீமோத்தேயு 3:16. “வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது.” திருவிவிலியத்தில் “கடவுளின் தூண்டுதல் பெற்றுள்ளது.” கிரேக்கத்தில் ஒரே கூட்டுச்சொல், தெயோப்னூஸ்தொஸ், தேவன் மூச்சு ஊதியது என்று பிரிக்கலாம். பவுல் இதை எழுதும்போது தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்த வேத எழுத்துக்கள் என்றால் நாம் பழைய ஏற்பாடு என்பவைதான். பவுலின் அந்தக் கடிதமே இன்னும் கடிதமாகத்தான் இருந்தது. அதே வசனம் மேலே என்ன சொல்கிறது என்பதைப் பிரசங்கத்தில் வேகமாகக் கடந்துவிடுகிறோம். உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும் பிரயோஜனமுள்ளது என்கிறது. வானசாஸ்திரத்துக்கும் வம்சக் கணக்குக்கும் பிரயோஜனமுள்ளது என்று சொல்லவில்லை. ஊதப்பட்ட மூச்சு எதற்கு என்று வசனமே சொல்லியிருக்க, நாம் வேறு வேலைகளை அதன் தலையில் கட்டுகிறோம்.

இன்னொரு வசனம் இரண்டாம் பேதுரு 1:21. பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே “ஏவப்பட்டுப்” பேசினார்கள். இங்கே கிரேக்க வினைச்சொல் சுமந்து செல்லப்படுதல். அப்போஸ்தலர் நடபடிகள் 27-இல் பவுல் போன கப்பல் புயலில் அகப்பட்டு, காற்றின் போக்கிலே கொண்டுபோகப்பட்டது என்ற இடத்திலும் அதே வினைதான். மணப்பாட்டிலோ உவரியிலோ கடலுக்குப் போகிறவரிடம் இதை விளக்க வேண்டியதில்லை. கச்சான் காற்று தள்ளும்போது இரண்டு வள்ளம் ஒரே மாதிரி போவதில்லை. மரம் வேறு, பாய் வேறு, பிடித்திருக்கும் கை வேறு.

வேதத்தில் அந்தக் கை எங்கும் தெரிகிறது. லூக்கா தரிசனம் கண்டு எழுதியதாகச் சொல்லவில்லை. ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுகிறேன் என்கிறார். ஏறக்குறைய ஒரு நிருபரின் பேச்சு. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, கிறிஸ்புவுக்கும் காயுவுக்கும் தவிர யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று அடித்துச் சொல்கிறார். இரண்டே வசனத்தில் நினைவு வந்து, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்ததுண்டு என்கிறார். இன்னும் யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்று முடிக்கிறார். வாய்மொழியாகச் சொல்லி எழுத வைத்த கடிதத்தில் ஒரு மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ளும் இடம் அப்படியே நிற்கிறது. ஆவியானவர் அதை அழித்துச் சுத்தப்பிரதி எடுக்கச் சொல்லவில்லை. அதே நிருபம் ஏழாம் அதிகாரத்தில் “கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது” என்று வேறு பிரித்துக் காட்டுகிறார். எழுதுகோலைப் பிடித்து எழுத வைத்ததுதான் அருளப்படுதல் என்றால் இந்த இடங்களை என்ன செய்வது?

இனி நம்முடைய புத்தகத்தின் கதைக்கு வருவோம். ஆச்சியின் மடியிலிருந்த தமிழுக்குப் பின்னால் எத்தனை பேர் அடித்துத் திருத்திய தாள்கள்! தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் 1715-க்குள் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். அதன்மேல் பல ஆண்டுகள் உழைத்து, பின்னால் வந்த மிஷனெரி பப்ரிசியுஸ் செய்த புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. லுத்தரன் சபைகள் நெடுங்காலம் அதைத்தான் கைவிடாமல் வைத்திருந்தன. பிறகு நம் பாளையங்கோட்டை. 1820-இல் இங்கு வந்து 1838-இல் இங்கேயே இறந்த மிஷனெரி ரேனியஸ், பப்ரிசியுஸின் தமிழ், மூலத்தின் வாக்கிய அமைப்பை ஒட்டி இழுபடுகிறது, படிக்கிறவனுக்கு விளங்க வேண்டாமா என்று கேட்டார். புதிய ஏற்பாட்டைத் திருத்தி எழுதினார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாருக்கு இது பொறுக்கவில்லை. ஆலயத்தில் கேட்டுக் கேட்டு நெஞ்சில் ஊறிய சொல்லை ஏன் மாற்றுகிறீர்கள் என்று கடுமையாக எதிர்த்தார். இருவருமே பக்திமான்கள். ஒருவருக்கு அதிகாரம் பொருளில் இருந்தது. மற்றவருக்குப் பழகிய சொல்லில் இருந்தது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. சாயர்புரத்துப் பக்கத்து ஜெபக்கூட்டத்தில் நான் கண்டதும் அதன் ஒரு வாய்தாதான்.

நடுவே யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயருக்கு வேதாகமத்தைத் தமிழாக்கத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர், சைவத்தின் போர்வாள். கடைசியில் போவர் என்ற மிஷனெரியின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. இடையன்குடி கால்டுவெல் அதில் ஒருவர். அந்தக் குழுவின் உழைப்புதான் 1871-இன் வேதாகமம். இன்று நம் சபைகளில் ‘பழைய திருப்புதல்’ என்பது அதுவே. பழையது என்று பெயர் பெற்ற இது வந்தபோது புதியதாகத்தான் இருந்தது. அவர்கள் உழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1859-இல், சீனாய் மலையடிவார மடத்தில் நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கப் பிரதி ஒன்று திஷெண்டார்ஃப் என்ற அறிஞரின் கையில் கிடைத்தது. அதில் ஆச்சியின் ஏழாம் வசனம் இல்லை. மாற்கு சுவிசேஷமும் 16-ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. “சர்ப்பங்களை எடுப்பார்கள்” என்ற வாக்குறுதி அதற்குப் பின்னால் வருகிற பகுதியில் இருக்கிறது. அமெரிக்க மலைநாட்டில் சில சபையார் அந்த வசனத்தை நம்பி ஆராதனையில் பாம்பைப் பிடிக்கிறார்கள். நம்மூரில் பனங்காட்டில் பாம்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஆசை வராதது தேவகிருபை.

ஒரு சிறு கணக்கு. சீகன்பால்க் சருவேசுரன் என்றார். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871-இல் தேவன். 1995-இல் கடவுள். எழுத்துக்கு எழுத்து இறங்கியது என்றால் இந்த நான்கில் எது இறங்கியது? நான்கு பெயராலும் ஜெபித்தவர்கள் உண்டு, நான்கு பெயராலும் அடக்கம் செய்யப்பட்டவர்கள் உண்டு.

அடுத்த சொல், நேர்ப்பொருள். வேதத்தை எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கன்வென்ஷன் பந்தலில் முழங்கும்போது ஆமென் சொல்லாதவர் குறைவு. ஆனால் எழுதியிருக்கிறபடி என்றால் எப்படி? ஒன்று சாமுவேல் 24-இல் தாவீதைத் துரத்திவந்த சவுல் ஒரு கெபிக்குள் போகிறான். எதற்கு? நம் தமிழ் வேதாகமம் “மலஜலாதிக்குப் போனான்” என்கிறது. எபிரெயத்தில் இருப்பதோ “தன் கால்களை மூடப் போனான்” என்பது. நேர்ப்பொருள் பிடிவாதக்காரர் சவுல் குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் போனான் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அந்தத் தடுமாற்றம் வரவில்லை, வரவும் நியாயமில்லை. பள்ளியில் இடக்கரடக்கல், அதாவது சொல்லக் கூசுவதை மறைத்து வேறு சொல்லால் சொல்வது, படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். “கால் கழுவி வந்தேன்” என்பதுதான் அதற்கு நமக்குச் சொல்லித்தந்த உதாரணம். எபிரெயனுக்கும் தமிழனுக்கும் இந்த விஷயத்தில் காலே கைகொடுத்திருக்கிறது.

எனக்கு அந்தத் தமிழ் வகுப்புதான் வேத வாசிப்புக்குப் பெரிய உதவி. நம்முடைய மொழியில் ஒரு பாட்டைக் கையில் எடுத்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, இது அகமா புறமா, யார் கூற்று, யாரிடம் சொல்லப்பட்டது, என்ன துறை, அதாவது எந்தச் சூழலுக்குரிய எந்த வகைப் பாட்டு என்பது. கேட்காமல் உரை எழுதத் தொடங்கமாட்டார்கள். தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் வஞ்சினம் கூறுகிறான். பகைவரை முறியடிக்காவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதனும் மற்றப் புலவரும் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். அது வஞ்சினம் என்று தெரிந்து படிக்கிறோம். அதைப் பாண்டிய நாட்டுச் சட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 137-ஆம் சங்கீதமோ பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுதவர்களின் பாட்டு. அதன் கடைசி வசனம் பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுகிறவனைப் பாக்கியவான் என்கிறது. சிறைப்பட்டு, பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு கூட்டத்தின் வயிற்றெரிச்சல் அது. வேதம் அதை மறைக்காமல் வைத்திருக்கிறது. அதற்குக் கட்டளை என்று துறை குறித்தால் பிழை வேதத்தின்மேல் இல்லை, உரைகாரன்மேல்.

கடுகு உவமையும் இப்படித்தான். “சகல விதைகளிலும் சிறிதாயிருந்தும்” என்று ஆண்டவர் சொல்கிறார். கடுகைவிடச் சிறிய விதை எத்தனையோ உண்டு. கசகசா சிறியது, புகையிலை விதை அதனினும் சிறியது. ஆகையால் இயேசு தவறிவிட்டார் என்று ஒருவர் எழுதுகிறார். பாலஸ்தீன விவசாயி விதைக்கிறவற்றில் மட்டும் என்று பொருள் கொண்டால் தவறில்லை என்று இன்னொருவர் பதில் எழுதுகிறார். குறளைக் கடுகைத் துளைத்து ஏழ்கடலைப் புகட்டியது என்று பாடினார்கள். நாம் யாரும் துளைத்த கருவியைக் கேட்கவில்லை. ஊசியின் காதில் நுழையும் ஒட்டகத்தையும் நம்மவர்கள் சும்மா விடவில்லை. எருசலேமில் ஊசிக்காது என்று ஒரு குறுகிய வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு மண்டியிட்டால் நுழைந்துவிடும் என்று ஒரு விளக்கம் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் வருகிறது. அப்படி ஒரு வாசல் இயேசுவின் காலத்தில் இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தடியில் கூட இதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், பணக்காரனுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் அந்த வாசலைக் கட்டியிருக்கிறார்கள். நேர்ப்பொருள் என்ற பெயரிலேயே வசனத்தின் முள்ளைப் பிடுங்கிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உண்மையில் எழுதியிருக்கிறபடியே எல்லாவற்றையும் செய்கிறவர் எவரும் இல்லை. நம் ஆலயங்களில் பெண்கள் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொள்கிறார்கள். ஒன்று கொரிந்தியர் 11. நல்லது. அதே பவுல் ரோமர் 16-இல் பரிசுத்த முத்தத்தோடு ஒருவரையொருவர் வாழ்த்தச் சொல்கிறார். கைகூப்பித் தோத்திரம் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற தெருக்கோடி வீட்டார் நகையைக் கழற்றிவிட்டார்கள். ஒன்று தீமோத்தேயு 2:9. அந்த வசனத்தில் பொன்னுக்கு முன்னால் வருவது மயிரைப் பின்னுதல். சடை பின்னாத பெண்ணை நான் எந்தச் சபையிலும் பார்த்ததில்லை. அப்போஸ்தலர் 15-இல் எருசலேம் சங்கம் கூடி, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று முத்திரை போட்டு அனுப்பிய கட்டளை, இரத்தத்துக்கு விலகியிருக்க வேண்டும் என்பது. கிடா வெட்டுகிற நாளில் இரத்தப் பொரியல் இல்லாத கிறிஸ்தவ வீடு நம் பக்கத்தில் எத்தனை? குற்றம் சொல்லவில்லை. நானும் சாப்பிடுகிறவன்தான். எல்லாரும் தெரிந்தோ தெரியாமலோ பொருள் விளக்கம் செய்துகொண்டுதான் வாழ்கிறோம். செய்யவில்லை என்று சொல்லிக்கொள்கிறவரிடம் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

நேர்ப்பொருள் வாசிப்பு எப்போதும் மேலிருந்து கீழே அடக்குவதற்குப் பயன்பட்டது என்றும் சொல்ல முடியாது. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் 1857-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. அருமைநாயகம் என்ற உபதேசியார், ஊர் வாயில் சட்டாம்பிள்ளை, மிஷனெரிமாரோடு முட்டிக்கொண்டு வெளியேறினவர். அருமைநாயகத்தின் மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் எழுதிய சிறுநூல் அவருக்கு ஆறாத புண். தனிச்சபை ஒன்றைத் தொடங்கினார். ஏக இரட்சகர் சபை என்று பெயர். வெள்ளைக்காரரின் கிறிஸ்தவத்தை அவர் சைவ நூலைக் காட்டி எதிர்க்கவில்லை. வெள்ளைக்காரர் கொடுத்த வேதத்தையே காட்டி எதிர்த்தார். ஓய்வுநாள் ஏழாம் நாள் என்றுதானே கட்டளை, ஞாயிறு எங்கிருந்து வந்தது? சனிக்கிழமை ஆராதனை வைத்தார். தூபம், சுத்திகரிப்பு, பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் எல்லாம் திரும்பி வந்தன. லேவியராகமத்தின் தீட்டும் சுத்தியும் ஓர் ஐரோப்பியனுக்குப் பழங்கதை. இந்த மண்ணில் வளர்ந்தவனுக்குத் தன் வீட்டுப் பழக்கம். ஐரோப்பியர் வேதம் என்று கொண்டுவந்ததில் எவ்வளவு வேதம், எவ்வளவு ஐரோப்பா என்று பிரித்துக்காட்ட அவருக்கு எழுத்து ஆயுதமாயிற்று. அவருடைய முடிவுகளில் பலவற்றை நான் ஏற்கமாட்டேன். கலாத்தியரைப் படித்தபின் பண்டிகை நாட்களுக்குத் திரும்பிப் போக எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு மிஷனெரிமார் சொன்ன பதில் எழுத்திலிருந்து வரவில்லை. சபையின் மரபிலிருந்து வந்தது. ஞாயிறு ஆராதனை மரபுதான். வேதம் மட்டுமே என்று சொல்கிற நாமும் மரபின் தோளில் ஏறிக்கொண்டுதான் வேதத்தைப் பார்க்கிறோம்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆப்பிரிக்காவில், நேட்டால் பேராயர் கொலென்சோ ஆதியாகமத்தைச் சூலு மொழியில் பெயர்க்கும்போது, துணையிருந்த சூலு மனிதர் நோவாவின் பேழைக் கதையைக் கேட்டுவிட்டு, இதெல்லாம் நடந்ததா என்று கேட்டாராம். பேராயரால் மனசாட்சியோடு ஆம் என்று சொல்ல முடியவில்லை. 1862-இல் அவர் எழுதிய நூல் இங்கிலாந்துத் திருச்சபையையே உலுக்கியது.

சபைகள் தங்கள் சட்டத்தில் உண்மையில் என்ன எழுதி வைத்திருக்கின்றன? 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்புச் சட்டம் வேதத்தை, இரட்சிப்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொண்டது என்றும், விசுவாசத்துக்கு மேலான, தீர்ப்புச் சொல்லும் அளவுகோல் என்றும் ஏற்கிறது. திருநெல்வேலித் திருமண்டலமும், 2003-இல் அதிலிருந்து பிரிந்த தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலமும் இதற்குள்தான் இருக்கின்றன. அந்த வாசகத்தில் எழுத்துப் பிழையற்றது என்ற பேச்சே இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் சொன்னதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. நம் மீட்பின் பொருட்டுக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதம் தவறின்றிக் கற்பிக்கிறது. அதை அறிய எழுதியவர் கையாண்ட இலக்கிய வகையைப் பார்க்க வேண்டும் என்றது. இலக்கிய வகை என்றால் நம் துறைதான்.

மறுபக்கத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். வேதம் எதிலும் பிழையற்றது என்போர் 1978-இல் சிக்காகோவில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நம்மூர்ப் பந்தல்களில் கேட்கிற கடும்பேச்சுக்குப் பின்னணி அந்த வழிதான். ஆனால் அந்த அறிக்கையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பிழையற்ற தன்மை எழுதியவர்களின் மூலப்பிரதிக்கே உரியது என்கிறது. எந்த மொழிபெயர்ப்புக்கும் தானாக உரியதல்ல. மிகைப்படுத்திச் சொல்வது, முழு எண்ணாகச் சொல்வது, கண்ணுக்குத் தோன்றியபடி இயற்கையைச் சொல்வது இவையெல்லாம் பிழை ஆகாது என்றும் சொல்கிறது. சூரியன் தரித்து நின்றது என்று யோசுவாவில் வருவதற்காகப் பூமி சுற்றுவதை மறுக்க வேண்டியதில்லை. இந்தச் சிந்தனைக்கு அடித்தளமிட்ட பிரின்ஸ்டன் பேராசிரியர் வார்ஃபீல்டு, மனித குலம் எவ்வளவு பழையது என்பதில் இறையியலுக்கு ஒன்றும் போய்விடாது என்று 1911-இல் எழுதினார். ஆதியாகமத்தின் ஆறு நாட்கள் இன்று விடிந்து மறைகிற நாட்கள்தானா என்று அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே சந்தேகித்துவிட்டார். நாலாம் நாளில் சூரியன் வருமுன் முதல் மூன்று நாள் மாலையும் விடியற்காலமும் எப்படி என்று கேட்க அவருக்கு யாரும் அறிவியல் பாடம் நடத்தவில்லை. அதே புத்தகம் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பின் மனிதனையும், இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்குப் பின் மிருகங்களையும் வைக்கிறது. தொகுத்தவர் கண் தெரியாதவர் அல்லர். வரிசை அவருக்கு முக்கியமாக இருந்திருந்தால் ஒன்றாக்கியிருப்பார். இதைப் பற்றி இதற்குமேல் சண்டையிட எனக்கு ஆர்வமில்லை. நம்மூரில் பூமியின் வயதால் யாரும் கெட்டுப்போனதில்லை.

கெட்டுப்போவது வேறு இடத்தில். யாக்கோபு 5:14-ஐ எடுத்துக்கொண்டு, மூப்பர் எண்ணெய் பூசி ஜெபித்தால் போதும், மாத்திரை அவிசுவாசம் என்று சொல்கிற சபைகள் உண்டு. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஓர் உறவுக்காரப் பெண் அப்படிக் கேட்டு ஊசியை நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அவரிடம் நாங்கள் விவாதிக்கவில்லை. வசனத்துக்கு வசனம்தான் எடுபட்டது. பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார், அப்போதைய மருந்து அது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதினார். அப்போஸ்தலர் உடனிருந்தும் அந்த மனிதன் அன்று எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் லூக்கா என்ற வைத்தியர் இருந்தார். மூன்று நாள் கழித்து அந்தப் பெண் ஊசியை மறுபடி போட்டுக்கொண்டார். வேதம் சொல்லுகிறது என்று ஒருவர் சொல்லும்போது, வேதத்தின் அதிகாரத்தை இரவல் வாங்கித் தன் வாய்க்குப் போட்டுக்கொள்கிறார் என்பதை அப்போதுதான் பட்டு அறிந்தேன். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வசனத்தின் மேலும் கீழும் வாசிப்பது. பரீட்சை அட்டையில் ஒட்டுகிற “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு” என்பதற்கு முந்தின வசனம் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் பழகிக்கொண்டேன் என்கிறது. மதிப்பெண் குறைந்தாலும் ஆகும் வசனம் அது. யாரும் அதற்காக ஒட்டுவதில்லை.

ஜெபக்கூட்டம் நடந்த அடுத்த வாரம் அந்த மாணவனுக்கு நான் கைப்பிரதிகளின் கதையைச் சொன்னேன். ஆச்சிக்கும் சொன்னேன். “அந்த வசனம் பின்னால் சேர்த்தது என்கிறாயா?” என்றார். ஆமாம் என்றேன். “சேர்த்தவன் பொய்யா சொல்லியிருக்கிறான்?” என்றார். இல்லை என்றேன். “அப்படியானால் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ பிரசங்கத்தில் காட்டாதே” என்றார். மூலபாட ஆய்வாளர்களின் பல தடித்த புத்தகங்கள் வந்து சேர்ந்த இடத்துக்குப் பாயில் இருந்தபடி வந்துவிட்டார். அன்றைக்குக் கூட்டத்தை முடிக்கும்போது எல்லாரும் சேர்ந்து 23-ஆம் சங்கீதம் சொன்னோம். மாணவன் தன் புத்தகத்தைப் பார்த்து “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை” என்று தொடங்கினான். ஆச்சி கண்ணை மூடி “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று தொடங்கினார். ஆறு வசனமும் இரண்டு தமிழும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டு போயின. பழைய தமிழ்க்காரர்கள் கொஞ்சம் முன்னதாகவே முடித்துவிட்டு, அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.